நாலாம் பக்கத்துப் பிழை

யூலை 14, திங்கள்

இந்தக் கொப்பி யாருடைய கையில் கிடைத்தாலும், தயவுசெய்து மூடி எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். வாப்பாவிடம் காட்ட வேண்டாம், உம்மாவிடமும் வேண்டாம். வாசித்துத்தான் ஆக வேண்டுமென்றால் வாசித்துவிட்டு வாய் திறக்காமல் இருங்கள். நான் மட்டுமென்றால் பரவாயில்லை, கூடப்பிறந்த ராத்தாவும் மாட்டுப்படுவா.

கச்சான் காற்று. காலையிலிருந்து தலையிடி. வீடெல்லாம் மணல், மூன்று தரம் கூட்டினேன்.

மூன்றாம் பாடவேளை பிரின்சிபல் சேர் கூப்பிட்டனுப்பினார். மேசையில் என் கட்டுரை. மாகாணக் கணிதக் கட்டுரைப் போட்டிக்குக் கொடுத்தது, நாலு பக்கம். ஓரமெல்லாம் சிவப்புப் பேனை.

"இது நீங்க எழுதினதா மகள்?"

"ஓம் சேர்."

"போட்டிக் குழு நம்பல்ல. ஏ.எல். படிக்கிற புள்ளைக்கு இது எட்டாதாம். எங்கயோ பார்த்து எழுதினதாம். அந்தச் செருப்புக் கதை மட்டும் புள்ளைட சொந்தமாம்."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளி காலை ஒன்பது மணிக்கு விசாரணை. குழுவிலிருந்து இரண்டு பேர் வருவார்கள். வாப்பாவும் வர வேண்டும். சேர் தந்த கடிதத்தில் அவருடைய கையொப்பம் வேண்டும்.

கணிதப் பிரிவில் சேர்ந்த அன்று வாப்பா சொன்னது: "படி. ஆனா ஒரு கெட்ட பேர் வந்திச்செண்டா அண்டைக்கே நிப்பாட்டு." வாப்பா பல விசயங்களை மறப்பார். இதை மறக்கமாட்டார்.

கடிதம் பௌதிகவியல் புத்தகத்தின் உறைக்குள்.

யூலை 15, செவ்வாய்

நித்திரை இல்லை. ராத்தாவின் குழந்தைக்குப் பல் முளைக்கிறது, இரவெல்லாம் அழுகை. விடிய இரண்டு மணித்தியாலம் கண் மூடியிருப்பேன்.

செய்ய வேண்டியவை: சீருடை அழுத்த. ஸஜாவின் இரசாயனவியல் கொப்பி திருப்பிக் கொடுக்க. கடிதம்.

விசாரணையில் கேட்டால் எப்படிச் சொல்வது? இங்கே எழுதிப் பழகுகிறேன்.

கேள்வி: எங்கே படித்தாய்? பதில்: ராத்தாவின் ஃபோனில். இதைச் சொல்ல ஏலாது. மச்சான் கட்டாரில், அவருடன் கதைப்பதற்கென்று அனுப்பிய ஃபோன். அஸர் தொழுகைக்குப் பிறகு குழந்தையைக் குளிப்பாட்டும் நேரம் ராத்தா என்னிடம் தருவா. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பாடக்குறிப்பு, யாரோ இலவசமாகப் போட்டது, முழுக்க ஆங்கிலம். அகராதியோடு ஏழு மாதம். பரீட்சை முடியும்வரை எனக்கு ஃபோன் கூடாதென்பது வாப்பாவின் கட்டளை.

கேள்வி: கட்டுரை எதைப் பற்றியது? பதில்: மாதிரியுருக் கோட்பாடு. ஒரு கணித வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, அது எந்தெந்த எண்-உலகத்தில் உண்மை, எதில் பொய் என்று பார்ப்பது. ஒரு உலகத்தில் பெற்ற உண்மையை இன்னொன்றுக்குக் கொண்டுபோகலாமா என்று பார்ப்பது.

செருப்புக் கதை: நோன்புக்கு முந்திய ஒரு வெள்ளி, ஜும்ஆத் தொழுகை முடிந்து வாப்பா பள்ளிவாசல் படியிலிருந்து வேறு யாருடையதோ செருப்போடு வீட்டுக்கு வந்தார். கல்முனை பஸாரில் செருப்புக் கடை வைத்திருப்பவர். உம்மா கேட்டா, "கடை நிறையச் செருப்பு கிடக்க, ஊராண்ட செருப்பையா போட்டுவாற?" வாப்பா, "கடைசியா வந்தன், ஒரு சோடிதான் மிச்சம் கிடந்திச்சி. எண்ணிக்கை சரி, செருப்புத்தான் பிழை."

அதைத்தான் எழுதினேன். வந்தவர் எத்தனையோ அத்தனை சோடி. இரண்டு பேர் ஒரே சோடியை எடுக்காவிட்டால், யாரும் வெறுங்காலோடு போகாவிட்டால், படியில் எதுவும் மிஞ்சாது. ஆனால் முடிவேயில்லாத வரிசை என்றால்? முதலாமவர் இரண்டாமவருடையதை, இரண்டாமவர் மூன்றாமவருடையதை. எல்லோர் காலிலும் செருப்பு, படியிலும் ஒரு சோடி மிச்சம்.

சிக்கலெண்களும் முடிவில்லாதவை. ஆனாலும் மாறிகள் எத்தனையோ அத்தனை பல்லுறுப்பிகளால் ஆன சார்பு ஒன்று, இரண்டு இடங்களை ஓரிடத்துக்கு அனுப்பாவிட்டால் எதையும் மிச்சம் வைக்காது. ஏன்? ஒவ்வொரு முதன்மை எண்ணுக்கும் ஓர் உலகம் உண்டு, அந்த எண்ணையே பூச்சியமாக்கிவிட்ட உலகம். ஏழு என்றால், பன்னிரண்டுக்குப் பதில் ஏழு மணிகள் மட்டுமுள்ள கடிகாரம். அங்கே எல்லாச் சமன்பாட்டுக்கும் விடை வரும்வரை புது எண்களைச் சேர்த்துக்கொண்டே போகலாம். ஒவ்வொரு கட்டமும் முடிவுள்ளது, எனவே பள்ளிவாசல் படிக்கட்டின் கணக்கேதான். இப்போது சிக்கலெண்களில் இது பொய்யென்று வைத்தால், பொய்யாக்கும் நிறுவல் ஒன்று இருக்கும். அது எவ்வளவு நீளமானாலும் ஓரிடத்தில் முடியும். "இரண்டு பூச்சியமல்ல, மூன்று பூச்சியமல்ல, ஐந்து பூச்சியமல்ல" என்ற முடிவில்லாத விதிகளில் கொஞ்சத்தைத்தான் அது தொட்டிருக்கும். தொடாத ஒரு முதன்மை எண்ணின் உலகத்திலும் அதே நிறுவல் செல்லும். ஆனால் அங்கே மிச்சம் இல்லையென்று முன்பே தெரியும். முரண்.

இது குறிப்பில் இருந்தது, நான் என் வசனத்தில் எழுதினேன். கீழே எங்கே படித்தேனென்று போடவில்லை. போட்டால் ஃபோன் தெரிந்துவிடும். அது என் குற்றம்.

நாலாம் பக்கம் மட்டும் எந்தக் குறிப்பிலும் இல்லை. விகிதமுறு எண்களுக்கும், அதாவது பின்னங்களுக்கும், இது பொருந்துமென்று நானே சேர்த்தது. அதன் ஓரத்தில் சிவப்பில்: மிகச் சிறந்த பகுதி. எங்கிருந்து எடுத்தது?

கண் எரிகிறது. கடிதம் இன்னும் உறைக்குள்.

யூலை 16, புதன்

மின்வெட்டு ஒரு மணித்தியாலம். உம்மாவுக்குக் கால்வலி, இரவுச் சாப்பாடு நான்தான். சோறு கொஞ்சம் குழைந்துவிட்டது.

டியூஷனில் நடந்தது. ஸஜா பக்கத்தில் இருந்து எக்ஸின் கனத்துக்கு வரைபு கீறினாள். நிமிராமலே கேட்டாள்.

"இதில ரெண்டு வாறதுக்கு எக்ஸுக்கு என்ன போடணும் கா? பின்னமா ஒண்டும் வருகுதில்லையே."

"வராது. இரண்டின் கனமூலம் பின்னமில்ல."

சொல்லி முடிக்குமுன் நாலாம் பக்கம் ஞாபகம் வந்தது.

"என்ன புள்ள, பேயறைஞ்ச மாதிரி இரிக்காய்?"

"ஒண்டுமில்ல. கீறு."

விகிதமுறு எண்களில் கனம் எடுப்பது இரண்டு எண்களை ஓரிடத்துக்கு அனுப்பாது. ஆனால் இரண்டு என்ற எண்ணை அது தொடாது. ஒரு சோடி படியில் அப்படியே கிடக்கிறது. என் நாலாம் பக்கம் முழுப் பொய்.

எல்லாச் சமன்பாட்டுக்கும் விடை இருக்க வேண்டுமென்ற நிபந்தனையை முதலாம் பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன். நாலாம் பக்கத்தில் அதை மறந்துபோய், கூட்டல் பெருக்கல் எல்லாம் அங்கேயும் உண்டு, ஆகவே அதே முடிவு என்று எழுதியிருக்கிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளையும் பிடிக்கும். குழு பிடிக்கவில்லை. நானும் மூன்று மாதமாகப் பிடிக்கவில்லை. அந்தப் பக்கத்தை நினைத்துக்கொண்டுதான் தினமும் நித்திரைக்குப் போனேன்.

டியூஷனால் வரும்போது செருப்பு மாறாமல் பார்த்துப் போட்டேன். மற்றதெல்லாம் கைநழுவிப் போய்விட்டது.

யூலை 17, வியாழன்

காற்று நின்றுவிட்டது. புழுக்கம்.

நாள் முழுக்க இதே யோசனை. பேசாமல் இருந்தால், அதிர்ஷ்டமிருந்தால், நம்புவார்கள். கட்டுரை அகில இலங்கைப் போட்டிக்குக் கொழும்புக்குப் போகும். நம்பாவிட்டால் பார்த்து எழுதியவள் என்ற பெயர், படிப்பும் நிற்கும். பிழையைச் சொன்னால் கொழும்பு நிச்சயம் இல்லை. ஆனால் பார்த்து எழுதுகிறவர் சரியானதைத்தான் பார்த்து எழுதுவார். இந்தப் பிழையை எந்தப் புத்தகத்திலும் எடுக்க முடியாது. அது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

அஸருக்குப் பிறகு கிணற்றடியில் ராத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தையின் தலையில் சவர்க்காரம் போட்டுக்கொண்டே கேட்டா.

"பிழ எண்டு வேற ஆருக்கும் தெரியாதே?"

"தெரியா."

"அப்ப என்னத்துக்கு நீயா போய்ச் சொல்ற?"

காரணத்தைச் சொன்னேன். தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தா.

"மறுகா ஃபோன் எங்கால கிடைச்ச எண்டு கேப்பாங்க."

"ஓம்."

"எண்ட ஃபோன் எண்டு சொல்லு. மச்சானுக்கு நான் சொல்லிக்கிறன். ஏசினா ஏசட்டும், அங்கேயிருந்து அடிக்க ஏலாதே."

பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு குழந்தையைத் துடைத்தா. துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தா. பயமில்லை என்று காட்டத்தான் பகிடி விட்டா.

இரவுச் சாப்பாட்டில் கடிதத்தைக் கொடுக்க நினைத்தேன். வாப்பா மீன் முள்ளை எடுத்துக்கொண்டு உம்மாவிடம், "நாளைக்கு ஜும்ஆவுக்குப் பழஞ்செருப்போட போறன், ஒருத்தனும் எடுக்கமாட்டான்" என்றார். உம்மா சிரித்தா. அந்த நேரத்தில் கொடுக்க மனம் வரவில்லை. விடிய சுபஹுக்குப் பிறகு கொடுப்பேன்.

நாளை சொல்ல வேண்டியவை:

1. என் கட்டுரையில் ஒரு பிழை இருக்கிறது. நாலாம் பக்கம், மேலிருந்து ஐந்தாம் வரி.
2. கரும்பலகையில் எக்ஸின் கனம். இரண்டு மிஞ்சுவதைக் காட்ட.
3. முதல் மூன்று பக்கங்கள் எங்கே படித்தது. ஒளிக்காமல்.
4. அழக்கூடாது.

ஐந்தாவதாக என்ன எழுதுவதென்று தெரியவில்லை. முதலாவதைச் சொல்லும்போது வாப்பாவின் முகம் எப்படியிருக்கும்

கதவில் தட்டுகிறது. ராத்தா தட்டமாட்டா, நேரே வருவா.

"புள்ள, முழிப்பாத்தானே இரிக்காய்? உண்ட பிரின்சிபல் கடைக்கு வந்திட்டுப் போனவர்."

வாப்பாவுக்கு எவ்வளவு தெரியும்? குரலில் கோபமா, தெரியவில்லை. கடிதம் வெளியே எடுத்தாயிற்று. நாலாம் பக்கமும். ஒன்றாவதையே சொல்கிறேன். வாப்பா, என் கட்டுரையில் ஒரு