டி.வி.யில் பதிந்த கோடு

தி.நகர்,
14.7.79

அன்புள்ள ஜவஹருக்கு, அம்மா உன் தங்கை தேவானையைக் கொண்டு எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், அதற்கு மேல் நலம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜெர்மனியில் நீயாவது நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

டி.வி. விளையாட்டுப் பெட்டிக் கம்பெனியைப் போன வெள்ளிக்கிழமையோடு மூடியாகிவிட்டது. நீ சாப்பாட்டு மேசையில் வயரைப் பரப்பி, டி.வி.யில் இரண்டு மட்டையும் ஒரு பந்தும் ஓட வைத்த அன்று உன் அப்பா தெருவையே கூப்பிட்டுக் காட்டினார். ரேடியோக் கடை மாடியில் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து சால்டரிங் செய்தார்கள், அடுத்த விளையாட்டில் பந்துக்குப் பதில் காளை ஓடும் என்று பலகை எழுதக்கூடக் கொடுத்திருந்தார். இப்போது மாடி முழுக்கத் திரும்பி வந்த பெட்டிகள். விளையாட்டை நாள் முழுக்க ஓட விட்டவர்கள் வீட்டிலெல்லாம் இரண்டு மட்டைக்கும் நடுவில் நிற்குமே அந்தக் கோடு, அது டி.வி. டியூபிலேயே பதிந்துவிட்டது, எந்த நிகழ்ச்சி வைத்தாலும் தெரிகிறதாம். அடையாற்று டாக்டர் வீட்டு டிரைவர் கபாலி, செட்டைக் கொண்டுவந்து கடை வாசலில் இறக்கிவிட்டு, "இன்னா மொதலாளி, ஹீரோ அந்தாண்ட, ஹீரோயின் இந்தாண்ட, நடுவுல செவுரு கீது. ரெண்டும் எப்பத்தான் கண்ணாலம் கட்டிக்கும்?" என்று கேட்டான். பாண்டி பஜாரே சிரித்தது. அன்று வீட்டுக்கு வந்து உன் போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றிய உன் அப்பா, "தெரிஞ்சேதான் சொல்லாமப் போயிருக்கான். நான் தெருவுல நின்னா என்ன, அவனுக்கு ஜெர்மனி கெடச்சிட்டுல்லா" என்றார். நான் உனக்காகப் பேசவில்லை. எனக்கும் வயிறு எரிகிறது. பெரிய படிப்புப் படித்தவன், இதைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?

தீபாவளிக்கு வராதே. அவர் உன்னைப் படியேற விடமாட்டார், அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. எங்கே இருந்தாலும் நன்றாக இரு, பெற்றவளால் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பதிலை மீனாட்சி அத்தை வீட்டு விலாசத்துக்குப் போடு, அப்பா கண்ணில் படக்கூடாது.

இப்படிக்கு,
அம்மா சுந்தரவல்லி

அண்ணா, இனி எழுதுவது நான். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்ற தைரியம்தான். எல்லோரும் தூங்கிவிட்டார்கள், குளியலறை விளக்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ எழுதியிருந்தாய். அந்தக் கடிதம் போன வருஷம் ஆயுத பூஜை அன்று வந்தது. வழக்கம்போல அப்பா எல்லோரையும் நிறுத்தி என்னைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். பெட்டிகளுக்குப் பொட்டு வைத்தாகிவிட்டது, சூடம் எரிந்துகொண்டிருந்தது. கடைசியில், அரை மணிக்கு மேல் ஓட விட்டால் டி.வி. கெட்டுவிடும், இதைப் பெட்டி மேல் அச்சடிக்கச் சொல்லுங்கள் என்று இருந்தது. பூஜை நேரத்தில் கெட்டுவிடும் என்ற வார்த்தையை எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன். மறுநாள் சொல்ல நினைத்தேன். மறுநாள் முதல் பத்துப் பெட்டி போய்விட்டது, அப்பா எனக்குப் பாவாடைத் துணி வாங்கி வந்தார். அதற்கப்புறம் சொல்லவே முடியவில்லை. அந்தக் கடிதத்தை இன்று வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டேன்.

நீ எழுதியதாகச் சொல்லிவிடாதே அண்ணா. மறந்துவிட்டேன் என்று எழுது. தெரிந்தால் அப்பா என் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடுவார். உன்னை எப்படியும் திட்டி முடித்துவிட்டார். அவர் கை ஜெர்மனிக்கு நீளாது. நான் பக்கத்து அறையில் இருக்கிறேன்.

தேவானை