மடைக்கு அடைத்த படம்

அக்கா,

காலையிலிருந்து மழை. தெருமுனைக் கதவுக் கடையில் வெளியே அடுக்கி வைத்திருந்த பிளைவுட் நனைந்து, அந்த வாடை வீடு வரை வந்தது. எனக்கு இன்னும் அந்த வாடையில் வயிறு எரிகிறது. நீ போய்ச் சேர்ந்த பிறகும் ஆறவில்லை.

ஒரத்தநாட்டு வீட்டில் ஜன்னலுக்கு அடித்த மிச்ச பெயிண்டை வைத்து ஒரு பிளைவுட் பலகையில் படம் வரைந்தாயே. களையெடுத்துவிட்டு டவுன் பஸ்ஸில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டு போகும் பெண்கள். அத்தனை பேரும் உனக்குத் தெரிந்தவர்கள். ஆற்றில் தண்ணீர் விட்டதும் அத்தான் அதைத் தூக்கிக்கொண்டு போய் வாய்க்கால் மடையில் செருகினார், படம் இருந்த பக்கம் தண்ணீருக்குள். நான் கேட்டதற்கு, "பலகைதானே? காசு குடுத்து எவன் பாக்கப் போறான் இத?" என்றார். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுடி, வேற பலகை கெடைக்கும்" என்றாய். பலகை கிடைத்தது. நீதான் அப்புறம் பிரஷ்ஷைத் தொடவே இல்லை.

நான் விடவில்லை. அதை எடுத்து வந்து என் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். கீழ்ப்பாதி முழுக்கச் சேற்றுக் கறை, மேலே முகங்கள் மட்டும் தப்பியிருந்தன. இப்போது தஞ்சாவூரில் ஒரு மியூசியத்தில், டிக்கெட் வாங்கும் இடத்துக்கு முன்னால் இருக்கும் கூடத்தில் உள்ளூர்க்காரர்களின் படங்களை மாட்டுகிறார்கள். யார் வேண்டுமானாலும் சும்மா போய்ப் பார்க்கலாம். பொறுப்பில் இருக்கும் அம்மா உன் படத்தைப் பார்த்துவிட்டு, "இது உள்ள பெரிய ஹாலுக்கே போகலாங்க. கறையையும் எடுத்துடலாம்" என்றார். இரண்டுமே வேண்டாம் என்றேன். அத்தானை உனக்குத் தெரியாதா? டிக்கெட் எடுத்து உள்ளே வருகிற ஆளா அவர்? தஞ்சாவூர் வந்தால் பஸ் வரும்வரை அந்தக் கூடத்து ஃபேனுக்கு அடியில் ஓசியில் உட்கார்ந்திருப்பார். எதிர்ச் சுவரில் மாட்டச் சொன்னேன். கீழே போடும் குறிப்பையும் நானே சொன்னேன்.

அவர் வரும் நாளாகப் பார்த்து நானும் போய் உட்கார்ந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். ஒருத்தி சத்தமாகப் படித்தாள்: "வாய்க்கால் மடையை அடைக்க ஓவியரின் கணவர் இதைப் பயன்படுத்தினார். கறை அப்போது படிந்தது."

"எந்தக் கிறுக்கன்டி அது?" என்றாள் பக்கத்தில் நின்றவள். எல்லாரும் சிரித்தார்கள்.

அத்தான் தலை நிமிரவில்லை. "நீ பண்ண வேலையா? கழட்டச் சொல்லும்மா, மானம் போவுது" என்றார்.

"பலகைதானே, அத்தான்" என்றேன். இனித்தது, அக்கா. உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும்?

அதற்கப்புறம் அவர் கூடத்துப் பக்கம் வருவதில்லை. இன்று மழையோடு மழையாகப் போனேன். சாலைக்கு எதிர்ப்புறம், கூரையில்லாத பஸ் நிறுத்தத்தில், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சொட்டச் சொட்ட நின்றிருந்தார். உள்ளே, அவர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து உன் படத்துப் பெண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீயாக இருந்தால், "நனையிறீங்களே, உள்ள வாங்க" என்று ஓடிப் போயிருப்பாய்.

நான் கூப்பிடவில்லை.