வாஷிங் மெஷினின் பச்சைக் கம்பி

மதிப்பிற்குரிய குனிஹிகோ அவர்களுக்கு,

சோறு குக்கரில். மீனை நீங்களே சுட்டுக்கொள்ளுங்கள்.

ஹால் பிளக்பாயிண்ட்டில் எர்த் இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டியதுதானே? ஆம்பிளிஃபயர் உறுமுகிறதென்று வாஷிங் மெஷினின் பச்சை எர்த் கம்பியைப் பிடுங்கி அதற்கு மாட்டினீர்கள். காலையில் ஈரக்கையோடு மெஷினைத் தொட்டேன்; ஷாக் அடித்தது. அலறினேன். ஹாலிலிருந்து என்ன சொன்னீர்கள்? "கொஞ்சம் கத்தாம இரேன், இப்பத்தான் பாட்டு சுத்தமா கேக்குது!"

மெயினை அணைத்து, கம்பியை மெஷினிலேயே மாட்டிவிட்டேன். நான்கு மணிக்கு எலக்ட்ரீஷியன் ஒகுமுரா வருவார். யார் பிடுங்கியது என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.

ஒசாகாவிலுள்ள அக்கா வீட்டுக்குப் போகிறேன்.

சயோகோ

பி.கு.: ஆம்பிளிஃபயர் மறுபடி உறுமும். வீட்டில் வேறு சத்தமே இருக்காது, நிதானமாகக் கேளுங்கள்.