பச்சை ஒயர்

உ
மீனாட்சி துணை

வில்லாபுரம், மதுரை
பங்குனி 4, ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தம்பி விக்ரமுக்கு அக்கா சுபலட்சுமி எழுதுவது.

கோயம்புத்தூரில் நீயும் உன் வீட்டுக்காரியும் நலமாக இருப்பீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். இங்கே நம் ஊர் மலையம்மாள் நலமாக இல்லை. உனக்கு நான்கு முறை போன் போட்டேன். மூன்று முறை எடுக்கவில்லை. ஒரு முறை எடுத்துச் சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் நாறிக்கொண்டிருக்கிறது. அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். காகிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது.

கல்லுப்பட்டிப் பக்கம் நம் ஊர் அம்மன் கோயிலுக்கு அம்மா பெயரில் நீ கொடுத்தாயே பத்து எல்இடி கம்ப விளக்கு, அதைப் பற்றித்தான். உன் சொந்த ஷெட்டில் செய்தது என்று பெருமையாகச் சொல்லி, ஒவ்வொன்றின் நெற்றியிலும் ‘அமரர் ஒச்சாயி அம்மாள் நினைவாக உபயம்’ என்று எழுதி, மாலையும் வாங்கிக்கொண்டாய். தை மாதம் மாட்டியது. மாசி பிறப்பதற்குள் சிமிட்ட ஆரம்பித்துவிட்டன. அரைமணி நேரம் எரியும், அணையும், மறுபடி எரியும். டீக்கடையில் என்னைப் பார்த்து, “ஏத்தா, உசுரோட இருந்தப்ப ஒங்காத்தா யாரையும் ஏறெடுத்துப் பாக்காது. செத்த பெறகு ஊருக்கே கண்ணடிக்குதே” என்று சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

போன வெள்ளிக்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை, கோயில் வாசல் கழுவ வந்த மலையம்மாள் ஈரக் கையோடு இரும்பு விளக்குக் கம்பத்தைப் பிடித்திருக்கிறாள். பிடித்த கையை எடுக்க முடியவில்லை. பூக்கட்டிக்கொண்டிருந்தவள் ஓடிவந்து மூங்கில் கம்பால் அடித்து விலக்கியிருக்கிறாள். உயிர் இருக்கிறது. வலது உள்ளங்கை வெந்துபோய், மூன்று விரல் மடங்கவில்லை.

அன்று சாயங்காலமே கமிட்டித் தலைவர் நல்லகாமன் மாமா கூட்டம் போட்டார். “கரண்டாவது ஒண்ணாவது. தீட்டோட வந்திருப்பா, ஆத்தா தள்ளிவிட்டுருச்சு” என்றார். அவளுக்கு அறுபத்திரண்டு வயது. என்ன தீட்டு என்று கேட்க அங்கே ஒரு ஆள் இல்லை. பரிகாரம் செய்வது, திருவிழா முடியும்வரை அவள் கோயில் எல்லையில் கால் வைக்கக் கூடாது என்று முடிவு கட்டினார்கள். முப்பது வருஷமாக அந்த வாசலைக் கழுவியவள்.

எனக்கு மனசு ஆறவில்லை. ஒயர்மேன் கருத்தக்கண்ணனிடம் சொல்லி, அந்தக் கம்பத்து விளக்கை மட்டும் கழற்றி வாங்கி வில்லாபுரம் கொண்டுவந்தேன். நான் எட்டாவதோடு நின்றவள்தான். ஆனால் இந்த வீட்டில் எரிந்த ஒவ்வொரு பல்புக்கும் மாட்டிய தேதி, அணைந்த தேதி, எதனால் அணைந்தது என்று பதினோரு வருஷமாக நோட்டில் எழுதி வருகிறேன். அணைந்த ஒன்றையும் திறந்து பார்க்காமல் குப்பையில் போட்டதில்லை. அப்படிப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான் எல்லாம்.

உன் விளக்கைத் திறந்ததும் முதலில் வந்தது நாற்றம். கண்ணாடி ஓரத்தில் ரப்பர் இல்லை. ஈசல் புகுந்து, வெந்து, இறகோடு கருகிக் கிடந்தது. ஒரு பல்லி முட்டையும். சாமிக்குக் கொடுத்த பொருள் தம்பி இது.

எல்இடி வெளிச்சத்தை முன்னால் கொடுக்கும், சூட்டை முதுகில் இறக்கும். அந்தச் சூட்டை வாங்கிக் காற்றில் விடத்தான் முதுகில் விலா எலும்பு மாதிரி அலுமினிய மடிப்பு. வெளிச்சம் தரும் சில்லுகள் பதித்த பலகைக்கும் அந்த முதுகுக்கும் நடுவில், குழைத்த திருநீறு மாதிரி வெள்ளைப் பசையை இடைவெளி இல்லாமல் தடவ வேண்டும். நீ நான்கு மூலைக்கும் பொட்டு வைத்திருக்கிறாய். சூடு போக வழியில்லாமல், சில்லை ஒட்டிய சாலிடர் ஈயம் விட்டுப்போகிறது, ஆறினால் ஒட்டுகிறது. சில்லுகளெல்லாம் ஒரே சரமாகக் கோர்த்தவை, ஒரு இடத்தில் விட்டால் மொத்தமும் அணையும். அம்மா கண்ணடித்த கதை இதுதான்.

அதைக்கூட மன்னித்திருப்பேன். விளக்குக்குள் இருக்கும் டிரைவர் என்ற பெட்டியைப் பார்த்த பிறகு மன்னிக்க முடியவில்லை. வீட்டுக்கு வரும் கரண்ட் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே வருவது. சில்லுக்கு அது ஆகாது. ஒரே திசையில், படியால் அளந்து ஊற்றின மாதிரி வேண்டும். அப்படி அளந்து ஊற்றுவதுதான் டிரைவர். நல்ல டிரைவரில் வருகிற கரண்டும் போகிற கரண்டும் தொட்டுக்கொள்ளாதபடி நடுவில் ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் இருக்கும். உன்னுடையதில் இல்லை. லைன் கரண்ட் நேராகப் பலகைக்கே போகிறது. பலகைக்கும் விளக்கின் உலோக உடம்புக்கும் நடுவில் காகிதக் கனத்தில் ஒரு பூச்சு மட்டும். அதையும் கோணலாக முடுக்கிய ஒரு ஸ்க்ரூ கிழித்திருக்கிறது. சிக்கந்தர் பாயின் கரண்ட் ரிப்பேர் கடையில் மீட்டர் வைத்துப் பார்த்தோம். விளக்கின் உடம்பிலேயே இருநூறு வோல்ட். “கைய எடுங்கக்கா. இது வெளக்கு இல்ல, எலிப்பொறி” என்றார்.

இப்படிக் கசிந்தால் காப்பாற்றத்தான் பச்சை ஒயர். விளக்கின் உடம்பில் இறங்கும் கரண்டை மண்ணுக்கு இழுத்துப் போய், பியூஸைப் போக வைத்துவிடும். உன் விளக்கில் பச்சை ஒயர் இல்லை என்றால் மறதி என்று நினைத்திருப்பேன். இருக்கிறது. வெளியே ஒரு முழம் நீளமாக, பளபளவென்று இருக்கிறது. அதை நம்பித்தான் கருத்தக்கண்ணன் மண்ணுக்குப் போகும் கம்பியோடு முறுக்கியிருக்கிறார். உள்ளே தேடினேன். ஓட்டையைத் தாண்டி ஒரு அங்குலம் வந்து நிற்கிறது. எதிலும் சேரவில்லை. நுனியில் தோல்கூடச் சீவவில்லை. பார்க்கிறவன் கண்ணுக்காக வைத்த ஒயர். கையெழுத்துப் போடத் தெரியாதவன்கூட இப்படி ஒரு பொய் எழுத மாட்டான்.

இதைத்தான் போனில் சொன்னேன். நீ என்ன சொன்னாய்? “சாமி குத்தம்னு அவுங்களே சொல்லிட்டாங்கள்லக்கா? அப்படியே இருந்துட்டுப் போகட்டும். நீ ஏன் போட்டு நோண்டுற?” தூ என்று துப்பத் தோன்றியது. பூஜை அறைக்குப் பக்கத்தில் நின்றிருந்ததால் விழுங்கினேன். உன் ஸ்க்ரூ செய்த வேலைக்கு ஆத்தா மேல் பழி, அந்த ஏழை மேல் தீட்டு.

என்னையும் ஒன்றும் விட்டுவிடவில்லை. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். கம்பத்தைப் பிடித்தாள் என்றதுமே எனக்குச் சந்தேகம் தட்டியது. அம்மா பெயர் போய்விடுமே, தம்பி தலைகுனிவானே என்று வாயைப் பொத்திக்கொண்டேன். வீட்டுக்கு வந்து சாமி விளக்கை ஏற்றப் போனால் என் கையே எனக்குத் தீட்டாகத் தெரிந்தது.

மீதி ஒன்பதும் இன்னும் கம்பத்தில் இருக்கின்றன. அந்த லைனின் பியூஸ் கட்டையைப் பிடுங்கி என் மஞ்சப்பையில் வைத்திருக்கிறேன். என் தம்பி வந்து சரிபண்ணுவான் என்று பூசாரியிடம் சொல்லியிருக்கிறேன். அது மெய்யாவதும் பொய்யாவதும் உன் கையில். இந்தச் செவ்வாய் விட்டு அடுத்த செவ்வாய் காப்புக் கட்டு. பிறகு எட்டு நாளும் கூட்டம். பிள்ளைகள் அந்தக் கம்பங்களைப் பிடித்துத் தொங்கிக்கொண்டுதான் வேடிக்கை பார்க்கும். நல்லகாமன் மாமா இப்போதே பியூஸ் கட்டை எங்கே என்று கேட்கிறார்.

அதற்குள் வந்துவிடு. ஒன்பதையும் உன் கையால் இறக்கு. மலையம்மாளை அழைத்து நிறுத்தி, ஊர் முன்னால் நடந்ததைச் சொல். அவள் கைக்கு வைத்தியம் நீ பார். வராவிட்டால் காப்புக் கட்டுக்கு முந்தின நாள், திங்கட்கிழமைக் கூட்டத்தில் திறந்த விளக்கோடு நானே எழுந்து சொல்வேன். நீ சொன்னால் தப்பு செய்தவன் என்பார்கள். நான் சொன்னால் உன்னை வேறு பெயர் சொல்லி அழைப்பார்கள்.

மலையம்மாளிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. நேற்றுப் பார்க்கப் போனேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, “ஒங்காத்தா பேருல குடுத்த வெளக்கு நின்னுபோச்சுன்னு தம்பிகிட்டச் சொல்லிறாத தாயி. ஆசையாச் செஞ்ச புள்ள, மனசு ஒடஞ்சுரும்” என்றாள்.

கவருக்குள் குங்குமமும் திருநீறும் மடித்து வைத்திருக்கிறேன். கூடவே அந்தப் பச்சை ஒயர் துண்டும் இருக்கிறது. திருநீற்றைப் பூசிக்கொண்டு புறப்படு.

உன் பத்து விரலும் குறைவில்லாமல் மடங்கி நிமிர மீனாட்சி காக்கட்டும்.

உன் வழி பார்த்திருக்கும் அக்கா,
சுபலட்சுமி