முகத்தைப் பார்க்காதே

ஆம்பூர்,
4-4-1935

அன்புத் தோஸ்த் முக்தாருக்கு,

தேவசகாயம் எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய், பட்டணத்துக் காற்று ஒத்துக்கொண்டுவிட்டது. இல்லாவிட்டால் இரண்டு வருஷமாக ஆம்பூர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்காமல் இருப்பாயா?

விஷயத்துக்கு வருகிறேன். மே மாதம் நம் விளையாட்டுச் சங்கத்துப் பையன்களுக்குக் கூடைப்பந்து முகாம் நடத்துகிறேன். நான் மேஸ்திரியாக இருக்கும் தோல் பதனிடும் ஷாப்பின் முதலாளி மைதானத்தைக் கொடுத்து, கம்பமும் பலகையும் போட்டுக் கொடுத்திருக்கிறார். கொல்லன் அடித்த வளையம் கொஞ்சம் கோணல். நீ வந்து திட்டு. எல்லாம் பதினேழு, பதினெட்டு வயசுப் பையன்கள். மாகாண டீமில் ஆடியவன், பட்டணத்தில் கோச்சாக இருக்கிறவன் என்று உன் பேரைச் சொன்னால் போதும், வாயைப் பிளக்கிறார்கள். பெங்களூர் ஆட்டத்தில் நீ முழங்கையால் ஒருத்தன் பல்லை உதிர்த்த கதையை நான் சொல்லிச் சொல்லி இப்போது அது மூன்று பல் ஆகிவிட்டது. சின்னசாமி என்று ஒருத்தன் இருக்கிறான், உன்னைப்போலவே முரடன். அவனை நீ பார்க்க வேண்டும்.

ஒரு நாள் வந்து பேசு. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஷாப்பில் தோல் ஊறப்போடும் சுண்ணாம்புக் குழி ஆட்கள் கூலி கூட்டிக் கேட்டு வேலைநிறுத்தம் என்று கிளம்பியிருக்கிறார்கள். முன்னால் நிற்பது உன் அண்ணன் மஹபூப் பாஷாதான். என் ஸலாமைக்கூட வாங்க மாட்டேன் என்கிறார். மேஸ்திரி என்றால் முதலாளியின் ஆளாம்! நீ ஒரு வார்த்தை புத்தி சொன்னால் கேட்பார்.

உன்,
சகாயம்


சென்னை,
9-4-1935

சகாயம்,

கடுதாசி கிடைத்தது. வருகிறேன். வளையத்தைக் கோணலாகவே வை, நேரான வளையத்தில் எந்தச் சோம்பேறியும் போடுவான்.

என்ன பேசுவது என்று நீ சொல்லித் தர வேண்டாம். ஒழுக்கம், சகோதரத்துவம் என்றெல்லாம் எனக்குப் பேச வராது. எப்படி ஆடினேனோ அதைச் சொல்வேன். பயந்தவன் அழட்டும்.

அண்ணனுக்குப் புத்தி சொல்ல நான் யார்? வாப்பா போன பிறகு பன்னிரண்டு வயசில் அந்தக் குழியில் இறங்கியவர் அவர். கால் விரலெல்லாம் சுண்ணாம்பு தின்றுவிட்டது. அவர் இறங்கியதால்தான் நான் பள்ளிக்கூடம் போனேன், பந்தைத் தொட்டேன். அவர் கேட்பது நியாயமா இல்லையா என்று உன் முதலாளியும் அவரும் பேசித் தீர்க்கட்டும்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். எது நடந்தாலும் அண்ணன் மேல் ஒரு கை படக்கூடாது. நீ அந்த ஷாப்புக்குள் இருக்கிறாய், அதனால் உன்னிடம் கேட்கிறேன். எனக்கு வாப்பாவும் அவர்தான், அண்ணனும் அவர்தான். வார்த்தை கொடுத்தால் வருகிறேன்.

முக்தார் அகமது


ஆம்பூர்,
14-5-1935

அன்பு முக்தாருக்கு,

நீ ரயிலேறி மூன்று நாளாகிறது, இங்கே இன்னும் உன் குரல்தான். என்ன பேச்சு பேசிவிட்டுப் போனாய் அப்பா! பையன்கள் தூக்கத்தில்கூடப் புலம்புகிறார்கள். "எதிராளியோட மூஞ்சியப் பாக்காத. மூஞ்சி பொய் சொல்லும், கண்ணு ஏமாத்தும். இடுப்பப் பாரு, இடுப்பு எங்க போவுதோ அங்கதான் அவன் போவான். மூஞ்சியப் பாத்தா உனக்குக் கை தளந்துடும்" என்று நீ சொன்னதைக் காலையும் மாலையும் செய்து பார்க்கிறார்கள். "விசில் ஊதினா ஓடு. ஏன் எதுக்குன்னு கேக்கறவன் வீட்டுக்குப் போய் ஆயா மடில படுத்துக்கட்டும்" என்றாயே, அதற்கு எப்படிக் கத்தினார்கள்! சின்னசாமி இப்போது யார் முகத்தையும் பார்த்துப் பேசுவதில்லை. பைத்தியக்காரன்.

நேற்று வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டது. இருபது பேர் ஷாப் கேட்டுக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள். முதலாளி கூப்பிட்டு, "சகாயம், பேஜாரா இருக்குது. ஒன் பசங்க முப்பது பேரயும் கேட்டாண்ட ஒரு வரிசையா நிறுத்து, தோல் வண்டி உள்ள போவட்டும்" என்றார். மைதானம் அவருடையது, பந்து அவருடையது. இல்லை என்று எப்படிச் சொல்ல? சும்மா நிற்கத்தான். அண்ணனைப் பற்றிக் கவலைப்படாதே. கொடுத்த வார்த்தை வார்த்தைதான்.

உன்,
சகாயம்


சென்னை,
16-5-1935

சகாயம்,

நீ மனுஷனா? ஆட்டம் கற்க வந்த பிள்ளைகளைக் கேட்டில் நிறுத்துவாயா? "சும்மா" என்று எதை எழுதுகிறாய்? சும்மா நிற்க முப்பது பேர் எதற்கு?

இந்தக் கடுதாசி கையில் கிடைத்த நிமிஷமே எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பு. முகாமே வேண்டாம், கம்பத்தைப் பிடுங்கிப் போடு. அவர்களுக்கு நான் என்ன சொல்லிக் கொடுத்தேன் என்று எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது.

முக்தார்


திருப்பத்தூர்,
22-5-1935

முக்தார்,

உன் கடுதாசி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நான் மாமனார் வீட்டில் இருக்கிறேன். உன்னை வந்து பார்க்கத் தைரியம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன், கர்த்தர் சாட்சி. வெள்ளிக்கிழமை காலை தோல் வண்டி வந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து மாட்டைப் பிடித்தார்கள். யாரோ கல் எறிந்தான், அது ஒரு பையன் நெற்றியில் பட்டுப் பிளந்துவிட்டது. குழியில் தோல் திருப்பும் கழிகளை முதலாளியின் ஆட்கள் பையன்கள் கையில் முன்பே கொடுத்திருக்கிறார்கள். சத்தியமாக எனக்கு அது தெரியாது. ரத்தத்தைப் பார்த்ததும் எனக்குப் பதறிப்போயிற்று. பின்னால் வரச் சொல்லித்தான் விசிலை ஊதினேன். அவர்கள் முன்னால் ஓடினார்கள்.

முக்தார், ஒருத்தனும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு இடுப்புக்கும் முட்டிக்கும் அடித்தார்கள். எலும்பு முறியும் சத்தம் எனக்குக் கேட்டது. பாஷா பாய் விழுந்த பிறகும் சின்னசாமி நிறுத்தவில்லை. "டேய், அது முக்தார் சாரோட அண்ணன்டா!" என்று கத்தினேன். அவன் காதில் ஏறவில்லை. நானே போய் அவன் கழியைப் பிடித்தேன், என் விரலும் முறிந்தது.

இனி கேட்பதற்கு எனக்கு வாய் இல்லை, ஆனாலும் கேட்கிறேன். வேலூர்க் கோர்ட்டில் விசாரணை வருமாம். கூட்டத்தில் யார் அடித்தது என்று தெரியவில்லை என்று நீ சொல்லிவிட்டால் எல்லோரும் தப்பிப்பார்கள். எனக்கு மூன்று பெண்கள். நம் பதினைந்து வருஷத்து சிநேகிதத்தை நினைத்துக்கொள்.

சகாயம்


ஆம்பூர்,
24-5-1935

சகாயம்,

உன் கடுதாசியை அண்ணி அடுப்பில் போடப் பார்த்தாள். பிடுங்கி வைத்துக்கொண்டேன்.

தந்தி கிடைத்து நான் வந்தபோது அண்ணனுக்கு உயிர் இருந்தது. இடுப்பு எலும்பு நொறுங்கிவிட்டது, உள்ளே ரத்தம் கட்டிவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது என்றார் டாக்டர். இரண்டு நாள் கத்தினார், சகாயம். பன்னிரண்டு வயசிலிருந்து ஒரு முனகல் முனகாத மனுஷன், தெருவே கேட்கிற மாதிரி கத்தினார். கடைசியில் கொஞ்சம் தெளிந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு நீ பேசினத வேலிக்கு வெளில நின்னு கேட்டேன்டா. நல்லா பேசின. நம்ம முக்தாரான்னு இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான், போய்விட்டார். அவரை அடித்தது யார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜனாஸா தூக்கும் முன், "மொகம் பாக்காதவங்க வந்து பாத்துக்குங்க" என்று எங்கள் வழக்கப்படி குரல் கொடுத்தார்கள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு சின்னசாமி வந்தான். சட்டையில் அன்றைய கறை அப்படியே இருந்தது. என் காலடியில் உட்கார்ந்து, "சார், நீங்க சொன்னாப்புலதான் சார் செஞ்சேன். மூஞ்சியப் பாக்கவே இல்ல சார்" என்றான்.

எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. அவனை அடித்தேன். மையத்து வீட்டில், அண்ணன் உடம்புக்குப் பக்கத்தில் அடித்தேன். வாய் கிழிந்து ரத்தம் கொட்டியது. பாவி, ஒரு கையைக்கூட அவன் தடுக்கத் தூக்கவில்லை. நாலு பேர் என்னை இழுத்துப் பிடித்தார்கள். அப்போதும் திமிறிக்கொண்டு போய் அவன் முடியைப் பிடித்துத் தூக்கி, அண்ணன் முகத்துத் துணியை விலக்கி, "பாருடா! இப்பப் பாரு!" என்று கத்தினேன். அவன் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு அவன் போட்ட கூச்சலில் என் பிடி விட்டுப்போயிற்று. கபர்ஸ்தான் வரைக்கும் பின்னால் நடந்தே வந்தான். யாரும் விரட்டவில்லை.

நேற்று போலீஸ்காரர்கள் வந்தார்கள். அடித்த பையன்களின் பேர் கேட்டார்கள். தெரியாது என்றேன். கோர்ட்டிலும் அதைத்தான் சொல்வேன். உனக்காக அல்ல. அந்தப் பிள்ளைகள் கையில் கழியைக் கொடுத்தது வேறு ஆள், ஓட விட்டது வேறு ஆள், முகத்தைப் பார்க்காதே என்று சொல்லி வளர்த்தது இன்னொரு ஆள். அந்த மூன்று பேர்தான் எனக்குத் தெரியும். முதலாளி பேரைச் சொல்வேன். உன் பேரைச் சொல்வேன். மைதானத்தில் நான் பேசிய பேச்சை ஒரு வார்த்தை விடாமல் சொல்லி, என் பேரையும் எழுதிக்கொள்ளச் சொல்வேன். நான் ஆட்டத்தைத்தான் சொன்னேன் என்று வக்கீல்கள் எனக்காகப் பேசலாம். பேசட்டும். நான் பேச மாட்டேன்.

சிநேகிதத்தை நினைக்கச் சொன்னாய். நினைத்தேன். அதனால்தான் போலீஸ்காரரிடம் உன் மாமனார் வீட்டு விலாசத்தை இன்னும் சொல்லவில்லை. நீயாக வருவாய் என்று வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலை ஜோலார்பேட்டையில் பாசஞ்சர் ஏறு. ஆம்பூரில் நான் ஏறிக்கொள்கிறேன். வேலூர்க் கோர்ட்டுக்குக் காட்பாடியில் இறங்க வேண்டும், அதுவரைக்கும் ஒரே பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்து போகலாம். நீ ஒன்றும் பேச வேண்டாம், நானும் பேசப் போவதில்லை.

பெட்டி பெட்டியாகத் தேடுவேன். நீ இல்லாவிட்டால் தனியாகப் போவேன், கேட்ட முதல் கேள்விக்கே விலாசத்தைச் சொல்லிவிடுவேன்.

முக்தார் அகமது