அண்ணி, நீங்கள் என்னைப் பெயிலாக்கிய காலை

அண்ணி,

இன்று மழையில் நனைந்த கோட்டை என் அறைக் கதவில் மாட்டினேன். சற்று நேரத்தில் அறையெங்கும் ஈரக் கம்பளி வாடை. தேயிலைக் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்து, தலையில் போர்த்திய கம்பளியை நீங்கள் அடுப்புக்கு மேலே காயப்போடும்போது எழும் அதே வாடை. விரிவுரைக்கு மணியடித்தும் எனக்கு எழுந்திருக்க மனமில்லை.

பட்டப் பரீட்சையில் தேறி நான் அக்கரப்பத்தனைத் தோட்டத்து வீட்டுக்கு வந்த வாரம் உங்களுக்கு நினைவிருக்கும். பேராசிரியர் இந்தப் பல்கலைக்கழகத்திலேயே இருந்து முதுகலையும் முடிக்கச் சொல்லியிருந்தார். பல்கலைக்கழகக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பெருமை பிடிபடாமல் திரிந்தேன்.

அண்ணன்தான் குழம்பினார். "முடிச்சிட்டேங்குற. திரும்ப அதே எடத்துக்குப் போறேங்குற. அப்ப பெயிலா?"

விளக்கி விளக்கி எனக்குத்தான் வாய் வலித்தது. நீங்கள் ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி சொன்னீர்கள்: "அவருக்கு வெளங்காட்டி என்னா தம்பி, எனக்கு வெளங்குது. இது அதுக்கும் மேல படிப்பு. சாப்புடுங்க."

அப்போது தோட்டத்துச் சட்டம் கடுமையானது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வளர்ந்த ஆண் இருந்தால் வேலைக்குப் பேர் பதிய வேண்டும். படிக்கிறவன் மட்டும், ஆபீசில் அனுமதித் துண்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு லீவுக்கு வந்து தங்கலாம். தோட்டத்து ஆட்கள் எல்லாரையும் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பேச்சு லயமெங்கும் ஓடிக்கொண்டிருந்த காலம். நாம் குடியிருந்த ஒற்றைக் காம்பராவும் கைவிட்டுப் போகுமோ என்று அண்ணன் தினமும் பயந்தார்.

மறுநாள் காலை, பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டில், மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு உங்களைத்தான் கூப்பிட்டார். நான் பின்னால் நின்றேன்.

"ஒன் கொழுந்தனுக்குப் படிப்பு முடிஞ்சிருச்சாமே? நாளைக்கே பேர் பதியச் சொல்லு. இல்லாட்டி லயத்துல கால் வைக்கக் கூடாது. மீறினா காம்பராவ எடுத்துருவேன்."

அண்ணன் தலை குனிந்து நின்றார். நானோ மேல்படிப்பு என்றால் என்னவென்று அந்த ஆளுக்குக் காட்டிவிடுவது என்று கடிதத்தை உருவிக்கொண்டு ஓரடி முன்னால் வைத்தேன். அதற்குள் நீங்கள் கூடையை இறக்கிவிட்டு முந்திக்கொண்டீர்கள்.

"முடியலைங்கய்யா. தம்பி பெயிலாயிட்டாரு. அதான் அதே எடத்துல திரும்பப் படிக்கிறாரு."

பெரட்டுக் களமே சிரித்தது. கண்டாக்கும் சிரித்தார். "அப்ப லீவுக்கு வந்தா துண்டு வாங்கிக்க" என்று அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

அந்தத் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அத்தனை பேர் முன்னால் என்னை அவமானப்படுத்திவிட்டீர்கள் என்று லயத்துக்கு வந்து கத்தினேன். நீங்கள் குரலை உயர்த்தவில்லை.

"பெயிலுன்னா நாலு நாளைக்குச் சிரிப்பாங்க தம்பி. பாஸுன்னா நீங்க வீட்டுக்கு வர முடியாது."

காதில் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை. நீங்கள் கட்டித் தந்த ரொட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு, இனி இந்த லயத்துப் பக்கம் வரமாட்டேன் என்று சொல்லி பஸ் ஏறினேன். சொன்னபடியே செய்தேன், மடையன். அடுத்து வந்த மூன்று லீவுகளையும் நூலகத்திலேயே கழித்தேன். உங்கள் கடிதங்களுக்குக்கூடப் பதில் போடவில்லை.

பிறகு தந்தி வந்தது. உங்களுக்குக் காய்ச்சல் என்றிருந்தது. நான் வந்து சேர்ந்தபோது உங்களைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள்.

காரியம் முடிந்த அன்று அண்ணன் முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து மூன்று துண்டுகளை எடுத்துத் தந்தார். மூன்றிலும் என் பெயர், லீவுத் தேதி, ஆபீஸ் முத்திரை.

"ஒவ்வொரு லீவுக்கும் போயி நின்னு வாங்கிட்டு வருவா. இந்தத் தடவ தம்பிக்குக் கோவம் போயிருக்கும்னு சொல்லுவா."

அண்ணி, அன்று அழுததுபோல் நான் என்றுமே அழுததில்லை.

இப்போது அதே பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறேன். தோட்டத்துக்குப் போனால் ஆபீசில் எழுந்து நாற்காலி போடுகிறார்கள், துண்டு கேட்பதில்லை. இருந்தாலும் அந்த மூன்றையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் போகிறேன். போன வாரம் பெரட்டுக் களத்தைத் தாண்டும்போது, கூடையோடு வந்த ஒரு பெண் என்னை உற்றுப் பார்த்தாள்.

"நீங்க அந்தப் பெயிலான தம்பிதானே?"

"ஆமாங்க" என்றேன், "நான்தான்."