மலை வலது கைப் பக்கம்

ஆகஸ்ட் 3, 2025, ஞாயிறு

இன்றும் இருட்டோடு கிளம்பி செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி வழியாகக் கார் ஓட்டி, ஓசூர் தாண்டி இருக்கிற அந்தத் தனியார் ஓடுதளத்துக்குப் போனேன். ஒரு மணி நேரம் பறந்தேன். மறுபடி அத்தனை தூரமும் காரிலேயே வந்தேன். கேட்கிறவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள்.

கீழ்பென்னாத்தூரில் அப்பா விட்டுப்போன கடலை எண்ணெய் மில்லை நடத்துகிற நாற்பத்தேழு வயதுப் பொம்பளைக்கு சொந்தமாக விமானம் எதற்கு? மில்லில் வேலை செய்கிற ராணியம்மாள் நேராகவே கேட்டுவிட்டாள். "ஏம்மா, அதுல எத்தினி மூட்டை ஏத்தலாம்?" ஒரு மூட்டைகூட ஏற்ற முடியாது. ரெண்டு சீட்டு. பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்தால் முழங்கை முழங்கையோடு இடிக்கும். அவ்வளவுதான் என் வண்டி.

ஆனால் ஓடுதளத்தில் போகப் போக சக்கரத்தின் கடகட சத்தம் சட்டென்று நிற்கும் பாருங்கள் - யாரிடம் 'பாருங்கள்' என்கிறேன்? எனக்கே சொல்லிக்கொள்கிறேன். அந்த இடத்தில் இன்னும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. லைசென்ஸ் வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது, பழகவே இல்லை. தரை நம்மை விட்டுவிடுகிறது. கேட்காமலே விட்டுவிடுகிறது.

வீட்டுக்கு வந்தால் இவர் சொன்னது ஒரே வார்த்தை. "வந்துட்டியா."

ஆகஸ்ட் 9, சனி

பௌர்ணமி. தெருவெல்லாம் கிரிவலக் கூட்டம். இவர் மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து டீவி பார்த்தார். சத்தமே வைக்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நேற்று பாதியில் நிறுத்திவிட்டேன், மனசு சரியில்லை.

இவர் - காசி, என் வீட்டுக்காரர். செங்கம் ரோட்டில் டிராக்டர் பார்ட்ஸ் கடை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஒரு பௌர்ணமி தவறாமல் வெறுங்காலோடு மலையைச் சுற்றியவர். மழை, காய்ச்சல் எதற்கும் நிற்கவில்லை, அவருடைய அப்பா இறந்த மாசம் தவிர. சுகர் வந்தது. பாதத்தில் புண் வந்தது. ஆறுவதற்குள் உயிர் போய் வந்தது. உள்ளங்காலில் இனி உணர்ச்சி இல்லை, வெறுங்காலோடு வீட்டுக்குள்கூட நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரப்பர் வைத்துத் தைத்த செருப்பு ஒன்று கொடுத்தார்கள். தினமும் சாயங்காலம் நான் அவர் காலைத் தூக்கி, கண்ணாடி பிடித்து, விரல் இடுக்கெல்லாம் பார்க்கிறேன்.

செருப்போடு சுற்றலாமே என்று யார் சொல்லவில்லை? "செருப்பு போட்டுக்கினு சாமியச் சுத்துறதுக்கு, சுத்தாமலே இருந்துட்டுப் போறேன்." ஆட்டோவில் சுற்றலாமே? "ஏன், சாமி இன்னா பஸ் ஸ்டாண்டா?"

அன்றைக்கு நிறுத்தியவர்தான். மலையை நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. திருவண்ணாமலையில் இருந்துகொண்டு மலையைப் பார்க்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம்! எந்தத் தெருவில் திரும்பினாலும் நிற்கிறது. இவர் தலையைக் குனிந்தே நடக்கிறார்.

சாப்பிடும்போது கேட்டுவிட்டேன். "என் வண்டில வாங்களேன், மேலேருந்து பாக்கலாம்."

"சாமி தலை மேல பறக்கறதா? நீ வேணா போ, எழிலு."

செப்டம்பர் 14, ஞாயிறு

பார்த்துவிட்டேன்!

எழுத்து கோணலாக வருகிறது. காலையில் பறப்பதற்கான அனுமதி எண் வாங்கி, தனியாகக் கிளம்பி, எங்கள் ஊர் வரைக்கும் பறந்து போய்த் திரும்பியிருக்கிறேன்.

செங்கம் மலைகள் வரைக்கும் சாதாரணமாகத்தான் இருந்தது. அதைத் தாண்டினதும் எதிரில் சூரியன். அதன் கீழே தனியாக ஒன்று நின்றது. பக்கத்தில் துணைக்கு ஒரு குன்றுகூட இல்லாத மாதிரி. ஐயோ, அதுவா இது? பிறந்ததிலிருந்து பார்க்கிற மலை. பள்ளிக்கூடத்து ஜன்னலில், மில் வாசலில், துணி காயப்போடும்போது. அதன் நிழல் இந்தப் பக்கம், மலையின் மேற்கடியில் இருக்கிற அடி அண்ணாமலை கிராமத்தைத் தாண்டி, ஏரி, வயல், ரோடு எல்லாவற்றின் மேலும் முக்கோணமாகக் கிடந்தது. நிழலுக்குள் ஊரெல்லாம் இன்னும் விடியவில்லை. நிழலுக்கு வெளியே நெல் தகதக என்று இருந்தது. நான் வாய்விட்டு ஏதோ கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை.

சுற்றி வந்தேன். அந்தப் பக்கம் நாலு கோபுரங்களும் கொலுப் படியில் வைத்த பொம்மை அளவுக்கு இருந்தன. உச்சியில் தீபம் ஏற்றுகிற பாறை கறுப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு. அதையும் பார்த்தேன். அழுதுவிட்டேன், ஒளிக்க என்ன இருக்கிறது. இவ்வளவு பெரிசா நீ? இத்தனை நாள் உன் கால்மாட்டிலதான் கடலை காயவெச்சேனா?

வண்டியின் முன் கண்ணாடியில் போனை மாட்டி வீடியோ எடுத்திருக்கிறேன். இவர் பார்க்க வேண்டும். பார்த்தால் மனசு மாறிவிடும்.

செப்டம்பர் 15, திங்கள்

பார்த்தார். போனைக் கையில் வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். கண் கலங்கியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அப்புறம் முகம் மாறியது.

"மலை எடது பக்கம் இருக்குதே."

எனக்கு முதலில் புரியவில்லை. பைலட்டுக்கு இடது சீட்டு. வேடிக்கை பார்க்க வேண்டுமென்றால் இடது பக்கம் திரும்புவதுதான் வழக்கம், பயிற்சியிலும் பெரும்பாலும் அப்படித்தான் சுற்றுவோம். கை தன்னால் திருப்பிவிட்டது. நடக்கப் பழகின நாளிலிருந்து மலையை வலது கைப் பக்கம் வைத்துச் சுற்றினவள், சாமியை அப்பிரதட்சிணமாகச் சுற்றிவிட்டு வந்து, அதை வீடியோ வேறு எடுத்துக் காட்டியிருக்கிறேன்!

ஒத்துக்கொண்டு போயிருக்கலாம். கோபம்தான் வந்தது. "வண்டிக்கு இன்னாங்க தெரியும் பிரதட்சிணம்? கால் போனாலும் பரவால்ல, செருப்பு போட மாட்டேன்னு உக்காந்திருக்கிற உங்களவிட நான் ஒண்ணும் மோசமில்ல"ன்னு சொல்லிட்டேன். ஏன் சொன்னேன்? எதுக்கு அந்தக் காலை இழுத்தேன்?

போனை மேஜையில் மெதுவாக வைத்துவிட்டுப் போய்விட்டார். ராத்திரி சாப்பிடவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

பேச்சு இல்லை. காலை மட்டும் தினமும் நீட்டுகிறார். நானும் பார்க்கிறேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மில்லில் முடித்துவிட்டு வண்டிக்கும் போட்டேன். மூன்று சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். எனக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த ஓவியா - வேலூர்ப் பெண், என்னைவிட இருபது வயசு சின்னவள் - சுண்டலைத் தின்றுகொண்டே, "அக்கா, காத்தாடில மாலை போட்டிருக்கீங்க, மறந்துட்டு ஸ்டார்ட் பண்ணிடாதீங்க" என்றாள்.

குங்குமம் தேடிப் பையில் கை விட்டால் ஒரு விபூதிப் பொட்டலம். கோயில் விபூதி. நான் வைக்கவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

நேற்று மதியத்திலிருந்து பௌர்ணமி. காலையில் எழுந்தால் பக்கத்தில் ஆள் இல்லை. ரப்பர் செருப்பு வாசலில் இருக்கிறது. வாசலில் செருப்பு இருக்கு, ஆளக் காணோம்!

அடி அண்ணாமலையில் டீக்கடை வைத்திருக்கிற மாறன் போன் பண்ணினான். "அக்கா, அண்ணன் நம்ம கடைலதான் உக்காந்திருக்காரு. கால்ல ரத்தம் வருது. அவருக்கே தெரியல, நான்தான் பாத்து உக்கார வெச்சேன்."

கண்ணாடித் துண்டு. எங்கே ஏறியதோ. ரோடெல்லாம் ஒற்றைக் கால் தடம் சிவப்பாக.

அக்டோபர் 12, ஞாயிறு

வலது காலில் சுண்டு விரலை எடுத்துவிட்டார்கள். இன்னொரு தடவை என்றால் விரலோடு நிற்காது, பாதமே போகும் என்று டாக்டர் என்னிடமும் சொன்னார், அவரிடமும் சொன்னார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திட்டினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. "அறிவிருக்காங்க உங்களுக்கு? யாரு உங்கள நடக்கச் சொன்னது?"

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ மாத்திச் சுத்திட்டு வந்துட்ட. மேல தனியாப் பறக்கிறவ. ஒனக்கு ஒண்ணு ஆயிடக் கூடாதுல்ல. நான் ஒரு சுத்து நேராச் சுத்திட்டா சரியாப் போயிடும்னு பாத்தேன். முக்கால்வாசிகூட ஆவல."

இத்தனை நாளும் அவர் என்மேல் கோபமாக இருக்கிறார் என்று நினைத்திருந்தேன். பயந்துபோயிருந்திருக்கிறார். எனக்காக.

வராண்டாவுக்குப் போய் அழுதேன். என் வாய்க்கு யாராவது பூட்டு போட்டால் நன்றாக இருக்கும்.

டிசம்பர் 3, புதன்

தீபம். கால் கட்டோடு இவரை மாடிக்கு ஏற்றி உட்கார வைத்தேன். உச்சியில் சுடர் தெரிந்ததும் ஊரே "அரோகரா" என்றது. ரொம்ப நாளைக்கு அப்புறம் இவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பாதியில நிக்குது எழிலு. அடி அண்ணாமலையோட நிக்குது" என்றார்.

மறுபடி நடந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். செருப்பை அல்ல, வாசல் கதவுச் சாவியை எடுத்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுக்கிறேன்.

ஜனவரி 6, 2026, செவ்வாய்

புண் ஆறிவிட்டது. சாயங்காலம் கண்ணாடி பிடித்துக் கால் பார்த்துக்கொண்டிருக்கிறேன், மேலே இருந்து குரல் வருகிறது.

"உன் வண்டில செருப்பு போட்டாதான் ஏத்துவியா?"

ஜனவரி 7, புதன்

நிபந்தனைகள் ஒவ்வொன்றாக வருகின்றன, பொண்ணு பார்க்க வந்த வீட்டார் மாதிரி. மலை வலது கைப் பக்கம் இருக்க வேண்டும். உச்சி நமக்கு மேலே இருக்க வேண்டும், நாம் அதற்கு மேலே போகக் கூடாது. ராஜகோபுரத்துக்கு நேராக ஆரம்பித்து அங்கேயே முடிக்க வேண்டும். மலையை ஒட்டிப் போகக் கூடாது, அது சித்தர்கள் நடக்கிற ஓரம்.

"மலையை ஒட்டினா காத்து தூக்கிப் போடும், நானே போக மாட்டேன்" என்றேன்.

"அப்ப சரி. நீ காத்துக்கு வழி விடு, நான் சித்தருக்கு வழி விடறேன்."

சிரித்தார். எத்தனை மாசம் ஆகிறது!

ஜனவரி 18, ஞாயிறு

ஓவியாவை வலது சீட்டில் வைத்து ஒத்திகை பார்த்தேன். உயரம் சரியாக வந்தது. உச்சி எங்களுக்கு மேலேயே நின்றது. ஓவியா வாயைப் பிளந்துகொண்டிருந்தாள். முடிந்த பிறகுதான் கேட்டாள்.

"அக்கா, இப்படிச் சுத்துனா நீங்க ஒண்ணும் பாக்க முடியாதே?"

முடியாது. வலது சீட்டில் இருக்கிறவரின் தலையும் தோளும் கதவும்தான் தெரியும். பௌர்ணமியன்று போனால் கூட்டத்துச் சோற்றுக்குப் பருந்துகள் வேறு சுற்றும், கண் முன்னாலேயே இருக்க வேண்டும்.

இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வர மாட்டார்.

பிப்ரவரி 1, ஞாயிறு

தைப்பூசம். பௌர்ணமி.

நேற்றே ஓசூர் போய்த் தங்கிவிட்டோம். விடிந்ததும் காரிலிருந்து வண்டி வரைக்கும் செருப்போடு நடந்தார். சீட்டில் உட்கார்ந்து, காலை உள்ளே எடுத்து வைத்து, செருப்பைக் கழற்றி ஓவியா கையில் கொடுத்தார். "பத்திரமா வெச்சிருமா." காலடியில் புதுத் துண்டு விரித்திருந்தேன். அதன்மேல் இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டார். என் நெற்றியிலும் வண்டியின் கண்ணாடியிலும் விபூதி பூசினார்.

சக்கரத்தின் சத்தம் நின்ற இடத்தில் என் முழங்கையைப் பிடித்தார். "தரை விட்டுட்டுதா?" என்று கேட்டார்.

"விட்டுட்டுதுங்க."

வடக்குப் பக்கமாக வந்து கிழக்கே திரும்பினேன். ராஜகோபுரத்துக்கு நேரே வந்ததும் கையைக் கூப்பினார். நான் பார்த்ததெல்லாம் உயரம் காட்டும் முள், எதிரே வானம், பருந்துகள், இடையிடையே இவருடைய காது. காதுக்கு அந்தப் பக்கம் அந்த மலை முழுசாக நின்றிருக்கிறது, எனக்குத் தெரியும். என்ஜின் சத்தத்துக்கு நடுவே ஹெட்போனில், கிரிவலப் பாதை லிங்கங்களை எண்ணுகிற இவர் குரல் மட்டும் வந்தது. "இந்திர லிங்கம்... அக்னி லிங்கம்... ஐயோ, இத்தினி ஜனம்! கோலப்பொடியாட்டம் மலையைச் சுத்திப் போவுதே எழிலு... எம லிங்கம்..."

வருண லிங்கம் வரைக்கும் சொன்னார். பிறகு குரல் நின்றுபோனது. என்ன ஆனதோ என்று பயந்து திரும்பினேன். கீழே அடி அண்ணாமலை. இவர் வெளியே பார்த்தபடி இருந்தார், கன்னமெல்லாம் தண்ணீர். கீழே துண்டின் மேல் பாதங்கள் அசைந்தன. வலது, இடது. வலது, இடது. அவருக்குத் தெரிந்து செய்ததாகத் தோன்றவில்லை.

கோபுரத்துக்கு நேரே வரும்வரை அவை நிற்கவில்லை.

அப்படியே தெற்குப் பக்கமாகச் சுற்றித் திரும்பினேன், மலை அவர் பக்கத்தைவிட்டுப் போகாமல். "முடிஞ்சிது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "எழிலு, நீ பாக்கவே இல்லியே?"

"பாத்தேங்க" என்றேன். பொய் இல்லை.

மதியம் கார் ஓட்டி வீட்டுக்கு வந்தோம். வழியெல்லாம் அவர் சொல்லிக்கொண்டே வந்தார் - மலை எங்கே இரண்டாகப் பிரிகிறது, எங்கே ஐந்து முகமாகத் தெரிகிறது, உச்சி எப்படி எங்களைக் குனிந்து பார்த்தது என்று. ஊத்தங்கரையில் டீ குடிக்க இறங்கினபோதும் விடவில்லை, டீக்கடைக்காரருக்கும் சேர்த்துச் சொன்னார்.

சாயங்காலம் வழக்கம்போலக் காலைத் தூக்கி மடியில் வைத்து, கண்ணாடி பிடித்துப் பார்த்தேன். விரல் இடுக்கில் புதுத் துண்டின் நூல் ஒன்று ஒட்டியிருந்தது. மலையை ஒரு முழுச் சுற்று சுற்றி வந்த வெறுங்கால். ஒரு கீறல்கூட இல்லை.